வெயில் காலமும் குளிர் காலமும் ஏன் மாறி மாறி வருகின்றன?
(நமது அறக்கட்டளையின் சிறுவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி ஒருநாள், "நன்னா, கோடையில் மட்டும் ஏன் இவ்வளவு வெயில்?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "அப்போது பூமி சூரியனுக்குக் கிட்டே போய்விடும்மா" என்றேன். அவள் அதையே பரீட்சையில் எழுதி, தவறு என்று சிவப்புக் கோடு வாங்கி வந்தாள். "நன்னா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்" என்று அவள் அழுத பிறகுதான் நான் படிக்க உட்கார்ந்தேன்.

பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே இருப்பது ஜனவரி தொடக்கத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளி இருப்பது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி. ஆனால் ஜனவரியில்தானே நாம் போர்வை தேடுகிறோம்? ஆகவே காரணம் தூரம் அல்ல, சாய்வு.

இதோ ஓர் எலுமிச்சம்பழம். நடுவில் ஈர்க்குச்சியைச் செருகியிருக்கிறேன். இதுதான் பூமி. நிமிர்த்திப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறேன். உண்மையான பூமி 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. மேசை விளக்கு சூரியன். விளக்கைச் சுற்றி வருகிறேன். குச்சியின் நுனி எப்போதும் அந்த ஜன்னல் பக்கமே சாய்ந்திருக்கிறது, பாருங்கள். ஒரு பக்கம் வரும்போது பழத்தின் மேல்பாதி விளக்கை நோக்கிச் சாய்கிறது. அது ஜூன். எதிர்ப்பக்கம் போனால் மேல்பாதி விளக்கைவிட்டு விலகிச் சாய்கிறது. அது டிசம்பர். இப்படி ஒருமுறை சுற்றிவர 365 நாளும் கால் நாளும் ஆகின்றன.

சாய்ந்தால் என்ன? டார்ச்சைத் தரைக்கு நேராகப் பிடித்தால் சிறிய வட்டம், நல்ல வெளிச்சம். சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் பரந்து மங்கிவிடும். வெயிலும் அப்படித்தான். நம் ஊரில் ஏப்ரல் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது, சூடு அதிகம். டிசம்பரில் தெற்கே சாய்வாகக் காய்கிறது; சூடு குறைவு. பகலும் சுருங்குகிறது. சென்னையில் ஜூன் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம். டிசம்பரில் பதினொன்றரைக்கும் சற்றுக் குறைவு. பழத்தின் கீழ்ப்பாதியில் இருக்கும் ஆஸ்திரேலியாவில் எல்லாம் தலைகீழ். அங்கே ஜூனில் குளிர், டிசம்பரில் கோடை.

"அப்படியானால் நோன்பு ஏன் ஒரே காலத்தில் வருவதில்லை?" என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. பருவங்கள் சூரியனைப் பின்பற்றுகின்றன. ரமலான் பிறையைப் பின்பற்றுகிறது. பிறை ஆண்டுக்குச் சுமார் 354 நாட்கள்தான். அதனால் ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முந்தி வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. 2016-இல் ஜூனில் நோன்பு பிடித்தோம். இன்று சிறுவராக இருக்கும் நீங்கள், இன்ஷா அல்லாஹ், வெயிலிலும் குளிரிலும் நோன்பு நோற்பீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியாதும்மா, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை. நான் அன்று அப்படிச் சொல்லியிருந்தால் என் பேத்தி அழுதிருக்க மாட்டாள்.

இன்று இரவே வீட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுங்கள். வஸ்ஸலாம்.