வீட்டுக்கடனும் பழைய கடனும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சமயமும் அன்று, இலக்கியமும் அன்று. வீடு கட்டவோ காணி வாங்கவோ வங்கியிலே கடன் பெறப்போகும் ஒருவர், அதற்கு முன்னே தம்மிடமுள்ள பழைய கடன்களை என்ன செய்தல் வேண்டும் என்பதே. சங்க மண்டபத்திலே பேசத்தக்க பொருளா இது என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆயினும், உத்தியோகம் கிடைத்தவுடன் முதலில் மோட்டார் சைக்கிள், பின்பு கலியாணம், அதன்பின் வீடு என்று வரிசை வகுத்து வைத்திருக்கும் வாலிபர் இங்கே பலர் உளர். அவ்வரிசையின் முதலாவது, மூன்றாவதைத் தடுத்துவிடுவது எங்ஙனம் என்று காட்டவே வந்தோம்.

எமது ஊருக்குக் கடன் புதியதன்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே ஒற்றி பற்றிய விதிகள் உண்டு. கடன் கொடுத்தவர் கையிலே காணியை விட்டு, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அவர் அனுபவிக்க, முதலைக் கொடுத்து மீட்பது ஒற்றி. ஈடு வேறு, அங்கே காணி எம் கையிலேயே இருக்கும், பாரம் மட்டும் உறுதியிலே ஏறும். அக்காலத்திற் கடன் கொடுத்தவருக்குப் புத்தகம் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. யார் யாரிடம் பட்டிருக்கிறார், எந்தப் பனங்காணி எவரிடம் ஒற்றியில் இருக்கிறது என்பதெல்லாம் அயலறிந்த செய்தி. இன்றோ கடனுக்கு அனுமதி கொடுப்பவர் கொழும்பிலே இருக்கிறார். அவருக்கு எமது பேரனாரையும் தெரியாது, வேலியையும் தெரியாது. ஊரின் ஞாபகம் செய்த வேலையை, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் செய்கிறது. வங்கிகளிலே சுருக்கமாகக் 'கிறிப்' என்பார்கள்.

“கிறிப்பிலே பேர் விழுந்துவிட்டது” என்று எம்மவர் சொல்வதைக் கேட்டால் ஏதோ குற்றவாளிகளின் பட்டியல் போலத் தோன்றும். அப்படியன்று. ஒழுங்காகக் கட்டியவர் பேரும் அங்கே உண்டு, கட்டாதவர் பேரும் உண்டு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தத்தம் வாடிக்கையாளர் எவ்வளவு கடன் பெற்றார், எவ்வளவு மீதி, தவணை எத்தனை நாள் பிந்தியது என்பவற்றை அனுப்பி வைக்கின்றன. பணமின்றித் திரும்பிய காசோலைகளும் பதிவாகின்றன. கடன் கேட்டு எந்தெந்த நிறுவனத்தை நாடினோம் என்பதும் தெரியும். ஆகவே ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளிலே விண்ணப்பம் போடுவது ஐந்து கதவிலும் எமது அவசரத்தைச் சொல்லி வைப்பதாகும். கடனைக் கொடுப்பதா விடுவதா என்பதைப் பணியகம் தீர்மானிப்பதில்லை. அறிக்கையைப் படித்து வங்கியே தீர்மானிக்கிறது.

பெரியபுராணத்திலே தடுத்தாட்கொண்ட புராணத்தை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். புத்தூரிலே மணப்பந்தல், முகூர்த்தம் நெருங்குகிறது. கிழவேதியர் ஒருவர் பழைய ஓலையொன்றோடு வந்து நிற்கிறார். நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிட்டார். பயனென்ன? கிழிந்தது படியோலை; மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே வெளிவந்தது, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அங்கே வந்தவர் இறைவன். ஆகவே தடை அருளாயிற்று. எமக்கு வருவது வங்கி முகாமையாளரின் கடிதம், அதிலே அருளை எதிர்பார்க்க முடியாது! கடன் புத்தகத்தை அலுமாரிக்குள் மறைத்தாலும் மூலம் வேறிடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒருவருடைய மாதச் சம்பளம் ரூபா 130,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணைகள் அனைத்தும் சேர்ந்து சம்பளத்தின் பாதியைத் தாண்டலாகாது என்பது அவருடைய வங்கியின் விதி என்க. இவ்விகிதம் வங்கிக்கு வங்கி வேறுபடும். ரூபா 50 இலட்சத்தை 12 வீத வட்டிக்கு 20 வருடத்தில் கட்டுவதானால் மாதத் தவணை ஏறக்குறைய ரூபா 55,050. எல்லை ரூபா 65,000. ஆகவே கடன் கிடைக்கும். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் தவணை மாதம் ரூபா 15,000 போகிறதென்றால் வீட்டுக்கு எஞ்சுவது ரூபா 50,000. அதற்குக் கிடைக்கக்கூடிய கடன் ஏறக்குறைய ரூபா 45 இலட்சத்து 41 ஆயிரம். ரூபா 4 இலட்சத்து 59 ஆயிரம் குறைந்துவிட்டது. கூரையோ மதிலோ அந்தச் சைக்கிளில் ஏறிப் போயிற்று. லீசிங்கிலே இன்னும் சில தவணைகளே மீதியானால் அதை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே புத்தி. சீட்டுக் காசும் கைமாற்று வட்டியும் அறிக்கையில் வராமற் போகலாம். ஆனால் அவையும் அதே சம்பளத்திலிருந்துதான் போகவேண்டும். அவற்றை மறைத்து வங்கியை ஏமாற்றினோம் என்று மகிழ்பவர் ஏமாற்றுவது தம் வீட்டாரையே.

வட்டி மாறாமல் இருக்குமென்று எண்ணுவதும் பேதைமை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது துணைநில் கடன்வழங்கல் வீதத்தை ஒரே நாளில் 7.5 இலிருந்து 14.5 வீதத்துக்கு உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் பட்டிருந்தோர் பட்ட பாட்டைப் பெரியோர் அறிவர். மேற்சொன்ன 50 இலட்சத்துக்கு வட்டி 14.5 வீதமானால் தவணை ரூபா 64,000 ஆகும். தவணை தவறினால் என்னவாகும்? ஈடு வைத்த ஆதனத்தை நீதிமன்றம் ஏறாமலே ஏலத்தில் விற்க 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. நெருக்கடியின் பின் 2024இலே அவ்வதிகாரத்தைச் சிறிது காலம் நிறுத்தி, பின்பு 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். அவ்வளவு தவணை கேட்கவேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் எம்மை அதிகம் கவலைப்படுத்துவது பிணை. மச்சான் வந்து, “ஒரு கையொப்பந்தானே” என்பார். மறுத்தால் கலியாண வீட்டிலே முகம் பார்க்க முடியாது. ஆனால் பிணையாளராக நின்ற கடனும் எமது அறிக்கையிலே தனியாகக் காட்டப்படும். கடன்பட்டவரை முதலிற் கேள் என்று சொல்லும் உரிமையைப் பிணையாளர் விட்டுக்கொடுப்பதாகப் பெரும்பாலான பிணை முறிகளிலே எழுதியிருக்கும், வாசிப்பவர் அரிது. இதிலே பெரியோரையும் ஒன்று கேட்கிறோம்: உத்தியோகத்துக்குச் சென்று ஆறு மாதமாகாத பிள்ளையைப் பிணைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். அவன் மறுக்கமாட்டான் என்று தெரிந்துதானே அழைக்கிறீர்கள்?

அனுமதிக் கடிதம் வந்தவுடன் காரியம் முடிந்ததென்று எண்ணுவோரும் உளர். உறுதியைச் சட்டத்தரணி பார்த்து, மதிப்பீடு வந்து, ஈட்டு உறுதி எழுதிக் காணிக் கந்தோரிலே பதிந்த பின்னரே பணம் வரும். அந்த வாரங்களிலே வங்கி மறுபடியும் அறிக்கை எடுத்துப் பார்க்கலாம். கடன் வந்துவிட்டதென்று தளபாடங்களைத் தவணைக்கு வாங்குவதும், இன்னொருவருக்குப் பிணை நிற்பதும் அக்காலத்திற் கூடவே கூடா.

அறிக்கையை எமக்கு நாமே பெறலாம். அடையாள அட்டையோடு விண்ணப்பித்துச் சிறு கட்டணம் கட்டினாற் போதும். எம்மவர் பேரும் முதலெழுத்தும் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதனால் இலக்கத்தைக் கவனமாகப் பார்த்தல் வேண்டும். பழைய ஒன்பது இலக்க அட்டையும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் உள்ளவர் இரண்டையும் ஒப்பிடுக. முடித்த கடன் முடியாததாகத் தோன்றினால், தகவல் அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்பவேண்டும். அதற்கு நாள் செல்லும். ஆகவே கடனைத் தீர்த்த அன்றே தீர்த்ததற்கான கடிதத்தை வாங்கி, பாவியாத கடனட்டையை எழுத்து மூலம் மூடி, அறிக்கையையும் பார்த்துவிட்டுக் காணிக்காரரிடம் அச்சாரத்தோடு போங்கள். வங்கி கடன் தராவிட்டால் அச்சாரம் திரும்ப வேண்டும் என்று உடன்படிக்கையிலே ஒரு வரி எழுதும்படி நொத்தாரிசுவிடம் கேளுங்கள், கேட்டால் எழுதுவார்.