ஆசிரியர் ஆக்கும் பாடம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



என் ஆசிரியத் தொழிலில் நான் இழைத்த தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கின்றேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஆறுகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், எங்கள் ஊரில் ஆறே இல்லையே, கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று வினவினான். ஆசிரிய வழிகாட்டியில் அதற்கு விடை இல்லை. "அது இந்தப் பாடத்தில் இல்லை, இரும்" என்று கூறிவிட்டேன். அவன் இருந்துவிட்டான், பின்னர் அவ்வாண்டு முழுவதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

பிறர் எழுதியதை வகுப்பறைக்குச் சுமந்து செல்வது மட்டுமா ஆசிரியன் பணி? இவ்வினாவுக்குச் செயலால் விடை தந்த ஊர் ஒன்று உண்டு. அதுவே ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன். 1701ஆம் ஆண்டில் தோன்றிய யேல் பல்கலைக்கழகம் அந்நகரிலேயே இருக்கின்றது. செல்வமும் புகழும் மிக்க அக்கழகத்தின் மதிலுக்கு அப்பால், வறிய பிள்ளைகள் பலர் பயிலும் நகரப் பாடசாலைகள் உள்ளன. இவ்விரண்டுக்கும் பாலமாக 1978ஆம் ஆண்டில் யேல் - நியூ ஹேவன் ஆசிரியர் நிலையம் நிறுவப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் விவியன் என்பவர்.

அங்கு நடைபெறும் முறையைச் சற்றுக் கவனியுங்கள். எந்தப் பொருளிற் கருத்தரங்கு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் விதிப்பதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் உள்ள ஆசிரியப் பிரதிநிதிகள் சக ஆசிரியர்களின் தேவையைக் கேட்டறிகின்றனர். அதன் பின்னரே அப்பொருளைக் கற்பிக்கத்தக்க பேராசிரியரைத் தேடுகின்றனர். சேர விரும்பும் ஆசிரியர், தாம் எதை எழுதப்போகின்றார், அது தமது மாணவர்க்கு ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்திற் கூறவேண்டும். ஏறக்குறையப் பன்னிருவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பல மாதங்கள் படித்து விவாதிக்கின்றனர். முதல் வரைவு, இரண்டாம் வரைவு என்று திருத்தித் திருத்தி, கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு பாட அலகை எழுதி முடிக்கின்றனர். பொருள் விளக்கம், கற்பிக்கும் உபாயம், மாதிரிப் பாடங்கள், ஆசிரியரும் மாணவரும் படிக்க வேண்டிய நூல்கள் ஆகியன அதில் அடங்கும். அவ்வலகுகள் ஆசிரியர் பெயரோடு வெளியாகின்றன. இணையத்தில் எவரும் படிக்கலாம். பேராசிரியர் பொருளை அறிவார். பிள்ளைகளை அறிந்தவர் ஆசிரியர். ஆதலின் இருவரும் அங்கே தோழரேயன்றி, குருவும் சீடரும் அல்லர். 2004ஆம் ஆண்டு முதல், இம்முறையைப் பிற நகரங்களுக்கும் பரப்பும் முயற்சியும் நடைபெற்று வருகின்றது.

இங்கிலாந்தின் கல்வியறிஞர் லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ், 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், ஆசிரியர் வளராமற் பாடத்திட்டம் வளராது என்னும் கருத்தை வற்புறுத்தினார். நியூ ஹேவனில் நிகழ்வது அக்கருத்தின் நடைமுறையே.

"பரீட்சை இருக்கின்றது, நேரம் எங்கே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. நியூ ஹேவன் ஆசிரியர்களும் அரசாங்கப் பாடத்திட்டத்தை எறிந்துவிடவில்லை. அதற்குள்ளேதான் தமது அலகைப் பொருத்துகின்றனர். உழைப்புக்குச் சிறிய ஊதியமும் அவர்களுக்கு உண்டு. இதனை நாம் மறக்கலாகாது. வெறும் உபதேசத்தால் ஆசிரியரிடம் மேலதிக வேலை வாங்குவது அறமாகாது. எம்மிடையே செயலமர்வுகள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றிலே நாம் பெரும்பாலும் கேட்டுக் குறிப்பெடுத்துத் திரும்புகின்றோம், எழுதிக்கொண்டு திரும்புவதில்லை.

அன்பர்களே! அன்று அம்மாணவன் கேட்டதற்குரிய விடையைப் பின்னர் தேடிக் கற்றேன். மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தின் கீழ் உவர்நீரின் மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். தோட்டத்து இரசாயனப் பசளையின் நைத்திரேற்று அதனுட் கசியும். புவியியல், இரசாயனம், சுகாதாரம், ஊர்ப் பொருளாதாரம் அனைத்தும் ஒரு கிணற்றுக்குள் இருக்கின்றன. அதனை ஒரு பாட அலகாக எழுத எவருக்கு உரிமை அதிகம்? அத்தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஆசிரியர்க்கன்றோ?

ஆகவே இச்சங்கத்தாரை ஒன்று வேண்டுகின்றேன். வருகின்ற விடுமுறையில் பத்து ஆசிரியர்களை அழையுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து விடயமறிந்த ஒருவரையும் அழையுங்கள். மேசையும் தேநீரும் நீங்கள் தாருங்கள். ஆளுக்கோர் அலகு எழுதுவோம். முதல் அலகை, கிணற்றைப் பற்றி, நான் எழுதித் தருகின்றேன். அம்மாணவனுக்கு நான் பட்ட கடன் அது.