வைக்கோற் கட்டும் யந்திரமும் அதன் முடிச்சும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



உழவே நம் சமூகத்தாருக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த ஜீவனம். நம் முன்னோர் கையால் அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலைப் பிரி திரித்துக் கட்டிப் போராக்கினர். இன்றோ காவிரிப் பாசன ஜில்லாக்களில் பெரும்பாலும் அறுவடை யந்திரம் அறுக்கிறது. வைக்கோல் வயலிலேயே வரிசையாகக் கிடக்கிறது. அதைக் காய்ந்த சில நாட்களுக்குள் கட்டி எடுக்காவிடில் மழையில் அழுகும், அல்லது தீக்கிரையாகும். மாட்டின் வாய்க்குப் போக வேண்டியது சாம்பலாவது தர்மமன்று.

இதனை உணர்ந்த நம் இளைஞர் சிலர் கடன் வாங்கி, பேலர் என்னும் கட்டு யந்திரத்தை வாங்கி வாடகைக்கு ஓட்டுகின்றனர். கூலி கட்டுக்கு இவ்வளவு என்பதே வழக்கம். அவிழ்ந்த கட்டுக்குக் கூலியில்லை; ஆனால் தவணை நிற்பதில்லை. ஆகவே முடிச்சு பிசகினால் குடும்பமே பிசகும் என்பது மிகையன்று.

பேலரில் இரு வகை உண்டு. உருளைக் கட்டுப் போடுவது கயிற்றைச் சுற்றிவிடுமேயன்றி முடிச்சிடுவதில்லை. சதுரக் கட்டுப் போடுவதே ஒவ்வொரு கட்டுக்கும் இரு முடிச்சுப் போடுகிறது. நாம் பேசப்போவது இவ்வகையைப் பற்றியே. அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி என்பார், கோதுமைத் தாள்களைக் கதிரோடு கட்டுவதற்காக அமைத்த முடிச்சுப் பொறிக்கு 1878ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அதே தத்துவந்தான் இன்றைய பேலரிலும் வேலை செய்கிறது.

அது வேலை செய்யும் விதம் இது. கயிற்றின் ஒரு முனையை ஒரு தட்டு கவ்விக்கொண்டிருக்கும். கட்டு போதிய நீளமானதும் வளைந்த ஊசி மறுபக்கத்திலிருந்து கயிற்றைக் கொண்டுவந்து அத்தட்டில் சேர்க்கும். கொக்கின் அலகு போன்ற பில்ஹூக் ஒரு சுற்றுச் சுற்றி இரு கயிறுகளையும் வளையமாக்கும். அதன் நாக்கு திறந்து முனைகளைப் பற்றும். உடனே கத்தி அறுக்கும். கத்தியைத் தாங்கிய கை வளையத்தை அலகினின்று உருவித் தள்ளும். முடிச்சு முடிந்தது. கண் இமைப்பதற்குள் நடப்பதால் ஓட்டுபவர் இதனைப் பார்த்தறிய முடியாது. ஆனால் அவிழ்ந்த கயிறு எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆதலின் திருகைத் தொடுமுன் கயிற்றைப் பாருங்கள்.

ஒரு முனையில் மட்டும் முடிச்சிருந்து, மறுமுனை நசுங்காமல் நழுவியிருந்தால், தட்டின் பிடி தளர்ந்ததென்று அறிக. அம்முனை நைந்து கிழிந்திருந்தால் பிடி மிஞ்சியதென்று அறிக. முடிச்சு விழுந்தும் அலகிலேயே சிக்கி, கட்டு நகரும்போது அறுந்தால், நாக்கின் ஸ்பிரிங் மிக இறுகியிருக்கும்; அல்லது அலகில் துருவேறியிருக்கும்; அல்லது உருவும் கை அலகோடு ஒட்டி உரசாதிருக்கும். முடிச்சு தளர்ந்து தானே அவிழ்ந்தால் நாக்கின் ஸ்பிரிங் இளகியிருக்கும். முனைகள் பிசிறாக அறுந்திருந்தால் கத்தி மழுங்கியது. இரு முடிச்சுகளில் ஒன்று மட்டும் பிசகினால் கயிற்றுருண்டைகளை இடம் மாற்றிப் பாருங்கள். பிழை உருண்டையோடு போனால் குற்றம் கயிற்றினது. அங்கேயே நின்றால் பொறியினது.

திருத்தும்போது ஒரே சமயத்தில் ஒரு திருகை மட்டும், அதுவும் கால் சுற்று மட்டும், திருப்புக. சில கட்டுகள் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுக. நான்கையும் ஒருங்கே திருப்பியவருக்கு எது நோய், எது மருந்து என்பதே தெரியாது போகும்.

பல சமயங்களில் பொறி குற்றமற்றதாகவே இருக்கும். ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் உள்ள மலிவுக் கயிறு முடிச்சைக் கெடுக்கும். உருண்டையோடு உருண்டையை இணைக்கும் முடிச்சின் வால்களைக் குட்டையாக நறுக்க வேண்டும். ஈர வைக்கோலை மிக இறுக்கிக் கட்டினால் எம்முடிச்சும் தாங்காது. தூசியை அன்றாடம் ஊதி நீக்குக. பருவம் முடிந்ததும் அலகுக்கு எண்ணெய் பூசுக. புது யந்திரத்தின் அலகில் வர்ணம் பூசியிருந்தால் அதை நீக்கிவிடுக.

இனிச் சொல்வது எல்லாவற்றினும் முக்கியம். டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்து, பெரிய சக்கரம் முற்றிலும் நின்ற பின்னரே கை வைக்க வேண்டும். டிராக்டர் நின்ற பின்பும் அச்சக்கரம் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். ஊசி அப்போதும் பாயும். சோதிக்க வேண்டுமாயின் சக்கரத்தை அது ஓடும் திசையிலேயே கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். அப்போதும் ஊசியின் வழியில் ஒருவரும் கை நீட்டலாகாது. அறுபடுவதற்கென்றே வைத்த போல்ட்டுக்குப் பதிலாகக் கடினமான போல்ட்டை இடுதல் கூடாது. அது அறுவது யந்திரத்தைக் காக்கவே. ஒரு கட்டு அவிழ்ந்தால் மீண்டும் கட்டலாம். விரல் போனால் வாராது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுக்கு வைக்கோல் உதறும்போது கயிற்றை, முக்கியமாகப் பிளாஸ்டிக் கயிற்றை, துண்டு விடாமல் எடுத்துவிடுங்கள். அது வயிற்றில் தங்கினால் மாடு மெலிந்து மாயும்.

யந்திரம் வாங்குவது பணத்தால் ஆவது. அதைக் காப்பது அறிவால் ஆவது. நம் இளைஞர் ஊருக்கு ஒருவராவது இவ்வித்தையைப் பழுதறக் கற்று, பக்கத்து வயற்காரருக்கும் ஒளியாமல் சொல்லித்தருதல் வேண்டும். அதுவே இச்சங்கம் கூடியதன் பயன்.