பழங்காசுகளின் விலைமதிப்பு
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழங்காசுகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நமது காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது யான் தயங்கினேன். யான் சாசனப் பண்டிதனுமல்லன்; நாணய வியாபாரியுமல்லன். முப்பது ஆண்டுகளாகக் காசு சேர்ப்பவன், அவ்வளவே. ஆயினும் சென்ற ஆண்டு நம்மவர் குடும்பம் ஒன்றில் நேர்ந்த விஷயம் என் தயக்கத்தைப் போக்கிவிட்டது. பெயர் சொல்லாமல் அதனை முதலில் கூறுகிறேன்.

அக்குடும்பத்துப் பெரியவர் காலமானபின், பூசையறையில் அவர் வைத்திருந்த மரப்பெட்டியைப் பிள்ளைகள் மூவரும் திறந்தனர். உள்ளே பாட்டனார் காலந்தொட்டுச் சேர்ந்த காசுகள் இருந்தன. மூத்தவர் அவற்றுள் வெள்ளி ரூபாய்களை மட்டும் பொறுக்கி எடுத்து, காரியச் செலவுக்கென்று வெள்ளிக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். கடைசிப் பிள்ளையோ, செப்புக்காசுகள் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையன என்று எவரோ சொல்லக் கேட்டு, "எனக்கு வீட்டில் பங்கு வேண்டா, இக்காசுகளே போதும்" என்று எழுதிக் கொடுக்கவும் முன்வந்தார். அவர் நம்மை ஏய்க்கப் பார்க்கிறார் என்பது மற்றவர்களுடைய சந்தேகம். தாயார் எனக்கு ஆள் அனுப்பினார். யான் போனபொழுது சகோதரர் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பெட்டியில் இருந்த செப்புக்காசுகளுள் பெரும்பாலானவை இராசராச சோழனுடையவை. ஒரு புறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அதனருகே நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற பெயர். இராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை. ஆகவே ஆயிரம் ஆண்டு என்று கடைசிப் பிள்ளை கேள்விப்பட்டது பொய்யன்று. ஆனால் அக்காசோ சோழ நாட்டிலும் ஈழத்திலும் இன்றும் பெருவாரியாகக் கிடைப்பது. ஈழத்து மன்னர்கள் பின்னர் அதனைப் பார்த்தே தங்கள் காசுகளையும் அடித்தனர். தேய்ந்த இராசராசன் காசு ஒன்று வியாபாரியிடம் சில நூறு ரூபாய்க்குள் வாங்கத்தக்கது. நாம் விற்கப் போனால் அதனினும் குறைவே கிடைக்கும். அம்மையாரிடம் யான் மறைக்காமல் சொன்னேன்: இக்குவியல் முழுவதும் இந்த வீட்டுத் தலைவாசல் நிலைக்கும் ஈடாகாது என்று.

இதனை எவரும் எளிதில் நம்புவதில்லை. பழமை கூடக் கூட விலையும் கூடும் என்ற எண்ணம் நம் ஜனங்களிடம் வேரூன்றியிருக்கிறது. மூத்தவர் எடைக்குப் போட்ட வெள்ளி ரூபாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையிட்ட ரூபாய்களில் 1939 என்ற ஆண்டு பொறித்தது மிக அரியது. பெரும்பகுதி மீண்டும் உருக்கப்பட்டுவிட்டதென்பர். இராசராசனுக்கு ஒன்பது நூற்றாண்டு பின்னே பிறந்த அந்த ரூபாய் ஒன்றுக்கு, இராசராசன் காசுகள் ஒரு கைப்பிடி கொடுத்தாலும் ஈடாகாது. 1940 முதல் ரூபாயில் வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது; அதற்கு முந்தியவற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இவ்வேறுபாட்டையேனும் அக்கடையில் பார்த்து விலை போட்டார்களோ என்னவோ! மூத்தவர் போட்ட ரூபாய்களுள் 1939 இருந்ததா என்று கேட்டேன். "ஆண்டு யார் பார்த்தது?" என்றார். அக்கேள்விக்கு இனி எவராலும் விடை சொல்ல முடியாது.

அங்ஙனமாயின் ஒரு காசின் கிரயத்தை எது நிர்ணயிக்கிறது? அது எத்தனை எஞ்சியிருக்கிறது, அதனை எத்தனை பேர் விரும்புகின்றனர் என்ற இரண்டுமே முதலில் பார்க்கவேண்டியவை. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனியர் சிறு செப்புக்காசுகள் அடித்தனர். பார்வைக்கு ஒன்றுமில்லாதவை. எனினும் டென்மார்க் தேசத்தார் தம் முன்னோர் காசென்று அவற்றைத் தேடுவதனால் அவற்றிற்குத் தனிக் கிராக்கி உண்டு. சங்ககாலத்துப் பாண்டியரின் சதுரக்காசுகளையோ நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. "பெருவழுதி" என்ற பெயர் தமிழி எழுத்தில் பொறித்த காசை இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் கண்டு வெளியிட்டு, 1997-ல் சங்ககாலக் காசுகளுக்கென ஒரு நூலும் எழுதியபின்னரே, ஆற்றுமணலில் பொறுக்கிய செம்புத் துண்டுகளைச் சேர்ப்போர் உற்றுப்பார்க்கத் தொடங்கினர். செம்பு அதே செம்புதான். படிக்கத் தெரிந்ததும் விலை வேறாயிற்று.

அடுத்தது காசின் நிலை. எழுத்தும் உருவமும் தெளிவாக உள்ள காசு, அதே வகையில் தேய்ந்த காசைப்போல் பன்மடங்கு விலை பெறும். இங்கே என் மடமையை யானே ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டாம் வயதில் நாயக்கர் காலத்துச் செப்புக்காசு ஒன்று எனக்குக் கிடைத்தது. கரும்பச்சைக் களிம்பு படிந்திருந்தது. யான் அதனைப் புளியும் சாம்பலும் இட்டு, குத்துவிளக்குத் துலக்குவதுபோல் துலக்கினேன். பளபளவென்று வந்தது. அதனை ஓர் அனுபவசாலியிடம் பெருமையோடு காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த மூலையில் எழுத்து இருந்திருக்கும் போலிருக்கிறதே" என்றார். களிம்பின் கீழிருந்த எழுத்து புளியோடு போய்விட்டது. எந்த நாயக்கர் காலத்தது என்று காட்டியிருக்கக்கூடிய எழுத்து அது. இன்றும் அக்காசு என்னிடம் இருக்கிறது, பளபளப்பும் இருக்கிறது. தாய்மார்கள் இதனைக் கருணைகூர்ந்து கவனிக்கவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பூசைக்காசைத் துலக்கும் வீடுகள் நம்மில் பல. மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் உலோக விலைக்கு மேல் பெரும்பாலும் எதிர்பார்க்க இயலாது.

உரோமக் காசுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கொங்கு நாட்டில் அவை மிகுதியாகக் கிடைத்திருப்பதால் நம்மவர் சிலரிடமும் உண்டு. அகஸ்தஸ், திபேரியஸ் என்னும் இரு சக்கரவர்த்திகளின் வெள்ளிக்காசுகளே அவற்றில் மிகுதி. 64-ஆம் ஆண்டில் நீரோ மன்னன் வெள்ளிக்காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். நம் நாட்டு வணிகர் அதன்பின் பழைய நல்ல காசையே விரும்பியிருத்தல் கூடுமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், காசை மதிப்பிடும் வித்தையில் நம் நாட்டார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கைதேர்ந்தவர்கள்! புதுக்கோட்டைச் சீமையில் 1898-ல் கிடைத்த புதையலில் ஏறத்தாழ ஐந்நூறு உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. இத்தகைய வெட்டு அழகைப் பார்த்து வாங்குவோரிடம் விலையைக் குறைக்கும். ஆனால் அக்காசு நம் மண்ணில் வழங்கியதற்கு அவ்வெட்டே சாட்சி. என்னிடம் அத்தகைய காசு இருந்தால், வெட்டில்லாததற்கு மாற்றிக்கொள்ள மாட்டேன். இது என் சொந்த அபிப்பிராயம், சந்தையின் அபிப்பிராயமன்று.

இனிப் போலிகள். அச்சில் அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் வேறுபாடு விளிம்பில் தெரியும். வார்த்ததில் ஓரத்தைச் சுற்றி மெல்லிய பொருத்துக்கோடும், முகத்தில் ஊசிக்குத்துப் போன்ற குமிழிகளும், மழுங்கிய எழுத்தும் காணப்படும். ஒரே தேய்வும் ஒரே கீறலும் உள்ள காசு இரண்டு கண்டால், இரண்டையும் ஒதுக்குக. எடை பார்க்காமல் பொன், வெள்ளிக் காசுகளை வாங்கற்க. ஆண்டின் எண்ணைச் செதுக்கி மாற்றுவோரும் உளர்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. இராமர் பட்டாபிஷேகம் பொறித்து, 1818 என்று ஆண்டும் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்று பெயரும் இட்ட செப்புக்காசைக் கோடி ரூபாய் பெறுமென்று விற்கின்றனர். கம்பெனியார் சென்னையில் சுவாமி உருவமுள்ள வராகன் அடித்தது உண்மை. இத்தகைய இராமர் காசு அவர்கள் அடித்ததன்று. அரிசியை இழுக்கும் சக்தியுள்ளதென்று காட்ட, இரும்புத்தூள் பூசிய அரிசியையும் காந்தத்தையும் பயன்படுத்துவர். மேற்சொன்ன குடும்பத்தில் நடுப்பிள்ளை இவ்வளவு நேரம் வாய் திறவாதிருந்த காரணம் இதுதான். அவர் அத்தகைய காசு ஒன்றிற்கு ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டிருந்தார். அதனை அன்றுதான் தாயாரிடம் சொன்னார். பணம் திரும்பவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்பொழுது காசு கிடைத்தால் விலை விசாரிப்பதற்கு முன் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் அனைத்திற்கும் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதம் விதிக்கிறது. நூறாண்டு கடந்த காசுகளை வெளிநாட்டிற்கு அனுப்புதலை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அயல்நாட்டிலுள்ள மருமகப்பிள்ளைக்குப் பரிசாகப் பெட்டியில் வைத்து அனுப்புவோர் அறிக.

விலை அறிவதற்கு வழி யாதெனின், விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாமல், பொது ஏலங்களில் அதே வகைக் காசு அதே நிலையில் உண்மையாக எத்தொகைக்கு முடிந்தது என்று பார்ப்பதே. கேட்பதற்கு வரம்பில்லை, கொடுப்பதற்கு உண்டு. ஒரு முறை முடிந்த விலையை நம்பற்க. நான்கைந்து முறை பார்க்க. எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையிலுள்ள நாணயங்களைப் பிள்ளைகளோடு ஒரு நாள் பொறுமையாகப் பார்த்துவந்தால், கண்ணுக்குப் பழக்கம் ஏற்படும். தேசிகாசாரியார் அவர்கள் 1933-ல் ஆங்கிலத்தில் எழுதிய தென்னிந்திய நாணய நூலும் இன்றளவும் பயன்படுவதே.

அக்குடும்பத்து விஷயத்தை முடிக்கவில்லையே! கடைசிப் பிள்ளை வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. காசுகளை விற்கவுமில்லை, மூவரும் எண்ணிக்கையில் சமமாகப் பிரித்துக்கொண்டனர். மங்கிய மீன்கோடுகளுள்ள சதுரக்காசு இரண்டு மிஞ்சின. அவற்றைத் தாயாரே வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தன்று மாலை நான்கு மணிக்கே யான் சங்கக் கட்டிடத்திற்கு வந்துவிடுவேன். வீட்டில் காசு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டலாம். தயவுசெய்து துலக்காமல் கொண்டுவாருங்கள்.