மேலவளவு: வெட்டு யாருக்கு, செய்தி யாருக்கு?



1997 ஜூன் 30. மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து பேரும், பேருந்து மறிக்கப்பட்டுப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் வீசினார்கள். இந்த அரங்கில் இதை அறியாதவர் இல்லை. நாம் இன்று கேட்க விரும்புவது ஒன்றுதான்: ஏன் பேருந்து? ஏன் பகல்?

ஆளைக் கொல்வது மட்டும் நோக்கமென்றால் இருட்டு போதும், ஒரு வரப்பு போதும். மறைக்க நினைப்பவன் சாட்சி இல்லாத இடத்தைத் தேடுவான். இவர்களோ சாட்சிகள் நிறைந்த இடத்தில் வெட்டினார்கள். பயணிகள் ஒவ்வொருவரும் ஒரு ஊருக்குப் போய்ச் சேருவார்கள், பார்த்ததைச் சொல்வார்கள். செத்தவரை இனி மிரட்ட முடியாது. அந்த மிரட்டல் உயிரோடிருந்தவர்களுக்கு அனுப்பப்பட்டது.

அதற்கு முன்பே சிறிய செய்திகள் போய்க்கொண்டுதான் இருந்தன. 1996இல் அந்த ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும் குடிசைகள் எரிந்தன. மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டு வாபஸ் வாங்கினார்கள். வாக்குப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் நின்றார், வென்றார். சேரிக்கு அனுப்பிய செய்தி எடுபடவில்லை என்பது ஊருக்கே தெரிந்துபோனது. அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்று நாம் கருதுகிறோம்.

இந்தச் செய்தி எவ்வளவு தூரம் போகும்? அதே மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் பாருங்கள். 1996 முதல் 2006 வரை அங்கே தலித் தலைவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து நிர்வாகம் செய்ய முடியவில்லை. மனு போட ஆள் இருக்காது. இருந்தாலும், வென்ற கையோடு ராஜினாமா கடிதம் வாங்கப்படும். அதிகாரிகள் கோப்பில் 'யாரும் முன்வரவில்லை' என்று எழுதி மூடினார்கள். முன்வரவில்லை! அச்சம் வேலையை முடித்த இடத்தில் ரத்தம் இருக்காது. அதனால்தான் அரசின் கண்ணுக்கு அது அமைதியாகத் தெரிகிறது.

சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சாதி சொல்லி இழிவுபடுத்துவதைப் 'பொதுப் பார்வையில் படும் இடத்தில்' நடந்தால் குற்றம் என்கிறது. அவமானத்துக்குப் பார்வையாளர் தேவை என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே பார்வையாளரைத்தான் நீதிமன்றம் சாட்சியாகவும் கூப்பிடுகிறது. பார்த்தவர் நடுங்க வேண்டும் என்பது அரிவாளின் கணக்கு, பேச வேண்டும் என்பது வழக்கின் கணக்கு. மேலவளவு வழக்கில் வெட்டுப்பட்டுப் பிழைத்தவர்கள் பேசினார்கள். மதுரையிலிருந்து சேலத்துக்கு மாற்றப்பட்ட விசாரணையில், 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. யாருக்கு அச்சம் அனுப்பப்பட்டதோ அவர்களே கூண்டேறி அதைத் திருப்பி அனுப்பினார்கள். நம் இலக்கியத்தில் இந்தச் சாட்சிகளைப் பற்றி எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது? வெட்டைப் பற்றி எழுதியதில் கால்வாசிகூட இருக்காது.

மாணவத் தோழர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இன்று தாக்குபவனே கைப்பேசியில் படம் எடுத்துப் பரப்புகிறான். அந்தப் படத்தை நாம் கண்டனத்தோடு பகிர்ந்தாலும், எந்தச் சேரிப் பிள்ளை பார்க்க வேண்டும் என்று அவன் நினைத்தானோ அந்தப் பிள்ளையிடம் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். காவல் நிலையத்துக்கும் வழக்கறிஞருக்கும் அது போகட்டும். தெருவுக்குப் போக வேண்டியது வழக்கு எண்ணும், புகார் கொடுத்தவருக்கு யார் துணை நிற்கிறார்கள் என்ற தகவலும்.

2019 நவம்பரில் அரசு, எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி, மேலவளவுக் குற்றவாளிகள் 13 பேரை முன்கூட்டியே விடுதலை செய்தது. அந்த ஆணை 13 பேருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. சேலம் வரை போய்ச் சாட்சி சொன்னவர்களும் அதை வாசித்தார்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தனி ஊராட்சிகளுக்குப் போகும் தோழர்கள், யார் வென்றார்கள் என்று மட்டும் குறித்து வராதீர்கள். மனு வாங்கிப் போய்த் திரும்பி வராதவர்களின் வீட்டுக்கும் போங்கள். என்ன செய்தி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள்.