கருப்பை வாய்ப் புற்றுநோயும் தலைவிதியும்



கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிச் சிறிது பேச முன்வந்திருக்கிறோம். இது சபையில் பேசத்தக்க சங்கதியா என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். பேசாமல் மறைத்ததினாலேயே அநேக தாய்மார்கள் மடிந்திருக்கிறார்கள் என்பதால், பேசியே தீர வேண்டியிருக்கிறது.

இந்நோய் கர்ம பலனுமல்ல, தலைவிதியுமல்ல. அநேகமாக எல்லாம் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியின் வேலையேயாகும். அக்கிருமியின் 16-ம் வகையை 1983-ல் இந்நோய்க் கட்டியில் கண்டுபிடித்துக் காட்டிய ஜெர்மனி தேசத்து ஹரால்ட் ஸூர் ஹவுஸன் அவர்களுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உடனே, "அப்படியானால் அவள் ஒழுக்கங்கெட்டவள்தானே?" என்று கேட்கப் புறப்படுவார்கள். ஆண் பெண் இருபாலரிலும் பெரும்பாலோரை வாழ்நாளில் எப்போதாவது ஒட்டும் சாதாரணக் கிருமி இது. கணவனிடமிருந்தே மனைவிக்கு வரலாம். பெண்ணை மாத்திரம் பழிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கிருமி ஒட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது தானே நீங்கிவிடும். நிலைத்துவிட்டால்தான் பல வருஷங்கள் கழித்துப் புற்றாகும். எது ஆறும், எது முற்றும் என்று அறிவது எப்படி? இங்குதான் புரதங்கள் சாட்சி சொல்லுகின்றன. உயிரணு கண்டபடி பெருகாமல் தடுக்கும் பிரேக்காக பி-16 என்ற புரதம் இருக்கிறது. பிரேக்குக் கம்பியைப் போன்றது ஆர்.பி. என்ற புரதம். கிருமியின் ஈ-7 என்ற புரதம் அந்தக் கம்பியை அறுத்துவிடுகிறது. கம்பி அறுந்த வண்டிக்காரன் பிரேக்கை மேலும் மேலும் மிதிப்பதுபோல், உயிரணு பி-16-ஐக் குவித்துக்கொண்டே போகிறது, வண்டியோ நிற்பதில்லை. பெருகுகிற உயிரணுவில் மாத்திரம் காணும் கே.ஐ.-67 என்ற புரதமும் அதே உயிரணுவில் தென்பட்டால், பிரேக்கும் ஓட்டமும் ஒருங்கே இருப்பதாகிறது. நல்ல உயிரணுவில் இந்த முரண் இராது. ஆகவே, காத்திராமல் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டுமென்று வைத்தியர் அறிகிறார்.

இவ்வளவு பெரிய சோதனைக்கு ஏழை எங்கே போவான் என்பீர்கள். திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, வினிகரிலுள்ள அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை செய்து, கோளாறு கண்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-ல் வெளியான முடிவுப்படி, அச்சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேரும் சாவு, நடவாத பகுதிகளைவிட 100-க்கு 35 பங்கு குறைந்திருந்தது. எந்த வேண்டுதலாவது இப்படிக் கணக்குக் காட்டியிருக்கிறதா?

ஆகவே தோழர்களே! பெண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுங்கள். 30 வயது கடந்த தாய்மார்களைச் சோதனைக்கு அனுப்புங்கள். கூடவே நீங்களும் போங்கள். வெட்கப்பட வேண்டியது நோய்க்கல்ல, தடுக்க வழியிருந்தும் சாகவிடுவதற்கேயாகும்.