அயல்நாட்டு மாணவரும் நாட்டின் மென்வலிமையும்



படையாலும் பணத்தாலும் பிற நாடுகளை இணங்கவைப்பது பழைய முறை. கல்வியாலும் கலையாலும் நடத்தையாலும் பிறர் தாமே விரும்பி அணுகுமாறு செய்யும் ஆற்றலை மென்வலிமை என்பர். அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் நை 1990-இல் இக்கருத்துக்குப் பெயர் சூட்டினார். வளர்ந்துவரும் இந்தியா இதனை எவ்வாறு கையாள்கிறது என்று கேட்டால், பலரும் யோகாவையும் திரைப்படத்தையும் சுட்டுவர். 2014-இல் ஐ.நா. பொதுப்பேரவை ஜூன் 21-ஐ யோகா நாளாக அறிவித்தபோது 177 நாடுகள் அத்தீர்மானத்தை உடன்மொழிந்தன. மகிழ்ச்சியே. ஆயினும் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கூடியிருக்கும் நாம் கல்வியைப் பற்றியே பேச விழைகிறோம்.

அயல்நாட்டில் பயிலும் மாணவர் உள்ளத்தில் அந்நாடு எவ்வாறு பதிகிறது என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க் சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் அண்ணல் அம்பேத்கர். அங்குத் தமக்குக் கற்பித்த ஜான் டூயியைப் பின்னாளிலும் போற்றினார். 1952-இல் அப்பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. எந்தத் தூதரும் செய்ய இயலாத தொண்டினை ஒரு வகுப்பறை செய்து முடித்தது.

இந்தியாவும் இதனை உணர்ந்திருந்தது. 1950-இல் மௌலானா ஆசாத்தின் முயற்சியால் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் தோன்றியது. 1964-இல் ஐடெக் எனப்படும் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. சிம்லாவில் பயின்ற ஹமீத் கர்சாய் பின்னர் ஆப்கானிஸ்தானின் அதிபரானார். 2011-இல் இந்தியாவுடன் கூட்டுறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் அவரே. தில்லியில் பொருளியல் பயின்ற பிங்கு வா முத்தாரிக்கா 2004-இல் மலாவியின் அதிபரானார். 2023-இல் நம் சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபாரில் ஒரு வளாகத்தையே திறந்தது.

இவ்வளவு அரிய முதலை நாம் காத்தோமா? 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமானபின், ஆப்கானியருக்கு முன்னர் வழங்கியிருந்த விசாக்களை அரசு செல்லாதனவாக்கியது. ஊருக்குச் சென்றிருந்த மாணவர் பலர் தம் கல்லூரிக்கு மீள இயலாது தவித்தனர். பாதுகாப்பு வேண்டியதே, அதனை மறுப்பாரில்லை. எனினும் இங்கே இடம் பெற்றுப் படித்துக்கொண்டிருந்தவரை ஒவ்வொருவராக ஆராய்ந்து அழைத்திருக்கலாம் என்பதே நம் கருத்து. 2015-இல் அங்கு நாம் எழுப்பித் தந்த நாடாளுமன்றக் கட்டடத்தினும் அம்மாணவரின் நட்பு நமக்குப் பெரிது.

2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவரைக் கும்பல் அடித்தது. ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் ஒன்றுகூடி, இஃது இனவெறி என்றும், தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் அறிக்கை விடுத்தனர். பல ஆண்டுகள் உதவித்தொகை அளித்து ஈட்டிய நற்பெயருக்கு ஒரு மாலைப்பொழுதில் ஊறு நேர்ந்தது.

இந்நோயின் வேர் நமக்குத் தெரியாததா? கொலம்பியாவில் கற்றுத் திரும்பிய அம்பேத்கர் 1917-இல் பரோடாவில் தங்க இடமின்றி அலைந்தார். பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். சாதி கேட்டு வீடு மறுக்கும் கை, நிறம் பார்த்தும் மறுக்கிறது. ஆதலின் இதனை அயலுறவுத் துறையிடம் மட்டும் ஒப்படைத்துவிட இயலாது. உதவித்தொகை வழங்கும் அரசு, அம்மாணவர் அச்சமின்றித் தங்குதற்குரிய விடுதியும், அவர் முறையிட்டால் அன்றே வழக்குப் பதியும் காவல் நிலையமும் உண்டென்பதை உறுதி செய்தல் வேண்டும். நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்டுவருவதும் இவற்றையே.